இரண்டு பேருக்கு ஒரு பிரஷ்

“உள்ளுக்கை விட்டுப் பூட்டிப்போட்டியளே அக்கா! நான் செத்திருந்தால்...”

“விசர்க்கதை கதையாதை மலர். உன்னைக் கழுவி வெளியில விட்டது நான்தானே...”

“என்னையோ? நான் அங்கால மெஷின் கழுவிக்கொண்டு நிண்டனான்!”

“சத்தியமா உன்ர முதுகைத் தேய்ச்சனான்!”

பார்க்கிங் என்ற ஊரில், மூடிக் கிடந்த முலாம் பூசும் பட்டறை ஒன்றின் வாசலில், ஞாயிறு மாலை 4.05க்கு நானும் தவமலரும் இப்படித்தான் கத்திக்கொண்டு நின்றோம். நம்பாதவர்கள் விட்டுவிடுங்கள். அறுபத்து நாலு வயதில் கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அங்கே அமிலம் கொட்டி ஒரு மாதம். நச்சு நீக்குபவர்கள் மருந்தடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மெஷினிலும் சுவரிலும் மிஞ்சிய வெள்ளைப் படிவைக் கழுவுவது எங்கள் ஷிப்ட் வேலை. மலரும் நானும் மட்டும். 3.05க்கு உள்ளே போனோம். முகமூடியின் வடிகட்டி ஒரு மணித்தியாலம்தான் தாங்கும். வெளியே வரும்போது வாசல் தொட்டியில் நின்று, ஒருவர் முதுகை மற்றவர் பிரஷால் தேய்க்கவேண்டும். தன் முதுகு தனக்கு எட்டாதே. அதன் பிறகுதான் முகமூடியைக் கழற்றலாம்.

3.41. தொட்டிக்கு வந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம். சளக்... சளக்...

மலர்தான் என்று நினைத்தேன். பேசவில்லை. குனிந்து நின்றாள். தேய்த்தேன். முதுகு அகலமாக இருந்தது. பாதுகாப்பு உடுப்பு ஊதியிருக்கும் என்று நினைத்தேன்.

என் முகக் கண்ணாடியில் மூச்சுப் புகைந்திருந்தது.

குனிந்திருந்த அந்தக் கண்ணாடியில் புகையே இல்லை.

பிறகு நான் குனிந்தேன். முறைப்படி எல்லாம் முடிந்தது. 3.52க்கு, உள்ளே போனவர்களின் பெயர் எழுதும் பலகையில் இரண்டு பெயரையும் வெட்டினேன். கதவைப் பூட்டினேன். திரும்பினால் யாருமில்லை. டொய்லெட்டுக்குப் போயிருப்பாள்...

4.03.

டக்... டக்...

உள்ளேயிருந்து. கதவைத் திறந்தேன். மலர்.

சண்டை ஓயாமலே சூப்பர்வைசர் தர்சிகனுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“அன்ரி... அமிலம் கொட்டின அண்டைக்கு ஒருத்தர் அந்தத் தொட்டியில வந்து குனிஞ்சு நிண்டவராம். கழுவி விடுங்கோ எண்டு கத்தினவராம். எல்லாரும் ஓடிட்டினம். அம்புலன்ஸ் வரேக்கையும் குனிஞ்சபடிதானாம், உயிர் இல்லையாம்...”

போனை வைத்தேன்.

நான் இன்னும் உடுப்பைக் கழற்றவில்லை. மலர் மெதுவாக என் பின்னால் வந்தாள். என் முதுகின் ஈரத்தில் விரலை வைத்தாள்.

“அக்கா... அப்ப உங்கட முதுகை ஆர் தேய்ச்சது?”