காசுக்குக் குடி கேட்டவர்

மட்டக்களப்பில் கலியாணம் பேச வந்தால், தாய்வழிக் குலம் அறிய, முதலில் "என்ன குடி?" என்று கேட்பார்கள். வல்லிபுரம் அதைக் காசிடமும் கேட்பார். காணிப் பதிவுக் கந்தோரில் உறுதிப் பத்திரங்களைப் புரட்டியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றுப் பழைய நாணயங்கள் சேர்க்கத் தொடங்கியதும், ஆருடைய கையில் இருந்தது என்று தெரியாத காசை வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று அறிவித்தார்.

"எனக்கு எத்தின வயசெண்டு இவருக்குத் தெரியா, காசிட பூட்டன்ர பேர் தெரியும்," என்பாள் மனைவி இராசாத்தி, மீன் வெட்டிக்கொண்டே.

துரதிர்ஷ்டவசமாக, விலைக்கு வரும் காசுகளில் பெரும்பாலானவை அநாதைகள். இளகிய மனம் படைத்த வல்லிபுரம் அவற்றுக்குத் தாமே பரம்பரை வழங்கலானார். கிரான் வட்டையில் உழும்போது கிளம்பியது ஒன்று. பனிச்சங்கேணியில் வலையில் ஏறியது இன்னொன்று. எல்லாம் கொழும்பு நடைபாதையில், ஓடாத மணிக்கூடுகளோடு ஒரே சாக்கில் கிடந்தவை.

அவற்றுள் மூத்தது ஒல்லாந்தக் கம்பனி முத்திரையிட்ட செப்புக்காசு. ஊரில் நடந்த பழம்பொருள் கண்காட்சியில் ஒலிவாங்கியைப் பிடித்து அதன் பெருமையைச் சொன்னார்: பெரிய வெள்ளத்தில் டச்பாரில் இருந்த பறங்கிக் கொத்தனார் மொறிஸ் மேசனை வல்லிபுரத்தின் தகப்பனார் தோணியில் ஏற்றிக் கரை சேர்த்தாராம், மொறிஸ் தன் பரம்பரைக் காசை நன்றியாகக் கொடுத்தாராம். சனம் கைதட்டியது. வெள்ளம் உண்மை. மொறிஸ் என்ற மேசனும் உண்மை. தகப்பனாருக்குத் தோணி இருக்கவில்லை.

யாரோ பேச்சை முகநூலில் ஏற்றிவிட்டார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, எழுபது வயதான ஓட்றி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மொறிஸின் மகள்.

"டாடிட காசு உங்களிட்ட இரிக்காம், தம்பி."

"இரிங்க கா," என்றார் வல்லிபுரம். தாம் எங்கே இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

காசை உள்ளங்கையில் வைத்து அவள் பெருவிரலால் தடவினாள். "சுனாமிக்கு எங்கட வீட்டுல ஒண்டும் மிஞ்சல்ல. அவர்ட ஒரு போட்டோ கூட இல்ல. இப்பதான் கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வாறன், டாடி தொட்ட சாமான் ஒண்டு கிடைச்சிட்டு எண்டு."

தேநீர் குடித்து முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். குடித்து முடிந்தது. பிஸ்கட்டும் முடியட்டும் என்று நினைத்தார்.

"அவர் சாகக்குள்ள நான் சின்னப்பிள்ளை. முகம் நினைவில்ல," என்றாள் ஓட்றி. "உங்கட அப்பா சொல்லிரிப்பாரே? டாடி உயரமா, கட்டையா?"

‘உயரம்’ என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. இல்லாத தோணியை வெள்ளத்தில் ஓடவைத்த வாய், ஒரு மேசனின் உயரத்தைச் சொல்லமாட்டேன் என்று நின்றுவிட்டது.

"தெரியா, அக்கா." நிலத்தைப் பார்த்தார். "அது கொழும்புல வாங்கின காசு. அப்பா உங்கட டாடியக் கண்டதே இல்ல."

குசினி வாசலில் நின்ற இராசாத்தி வந்து வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓட்றி காசை மேசையில் வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். "கோயில்ல நான் இனி என்னத்தச் சொல்ல?"

"நான் வந்து சொல்றன்."

அடுத்த ஞாயிறு, பூசை கலைந்த முற்றத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுடன் வல்லிபுரம் சொன்னார். ஒலிவாங்கி இல்லை. வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியது. ஒருவரும் ஏசவில்லை, சிலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

அப்போது எறோல் என்ற கிழவர் தொண்டையைச் செருமினார். "மொறிஸ் கட்டை. எங்கட வீட்டுச் சுவர் கட்டக்குள்ள, வாளிய கவிழ்த்துப்போட்டு அதுக்கு மேல ஏறித்தான் நிப்பார். அவர் சுவருக்கு மேல ஏறினாப் பிறகு பொடியன்மார் வாளிய ஒளிச்சா, இறங்க ஏலாம அங்கயே நிண்டு பாட்டுப் படிப்பார்."

ஓட்றி அவர் பக்கம் திரும்பினாள். "என்ன பாட்டு?"

எல்லாரும் எறோலைச் சுற்றி நெருங்கினார்கள். வல்லிபுரத்துக்கும் கேட்க ஆசைதான். கிட்டப் போக முகமில்லை. சட்டைப்பைக்குள் காசைப் பொத்திப் பிடித்தபடி, மதிலோரமாக வாசலை நோக்கி நடந்தார்.