லுத்தரன் கோவிலின் வடக்குச் சுவரும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. தலைத்திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். தாலுகா ஆபீஸில் அடுத்தவர் மனுக்களுக்குக் குறிப்பெழுதிப் பழகியவள், இவளுக்கு என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பான். எழுத உட்கார்ந்த பிறகுதான் அப்பாவைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்தது. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை குழப்பமாகத்தான் இருக்கும். எழுதுகிறவள் தெளிந்தால்தானே எழுத்து தெளியும்.

அப்பா பிறந்தது மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டு ஊர். சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தது ஐந்து வயதில் என்கிறார் சித்தப்பா. எட்டு வயதில் என்கிறாள் அம்மா. இருவரும் அப்போது உடனில்லை, ஆனால் இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தாத்தாவுக்குக் கோவிலில் அபிஷேகத் தண்ணீர் சுமக்கிற ஊழியம். பாலிடெக்னிக் சேரும்வரை அப்பாவும் குடம் சுமந்திருக்கிறார். மழை பொய்த்த வருடங்களில் வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். அப்படியும் சிவில் டிப்ளமோ முடித்தார்.

நம் ஊரில் பாதி வீடுகளுக்கு பிளான் போட்டுக் கொடுத்தவர் அப்பாதான் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் இலையைப் பார்ப்பதற்கு முன்னால், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பார். பொய் சொல்ல மாட்டார். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்ல மாட்டார். அதுதான் இப்போது என் பிரச்சினை.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சென்னையில் ஒரு காண்ட்ராக்டரிடம் மூன்று வருடம் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே பார்த்தது ஒரே ஒரு வேலை. புயலில் அடிபட்ட லுத்தரன் சபையின் பெரிய கோவிலைப் பழுது பார்த்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வேதக்கோவில்; கிறிஸ்தவராவது என்றால் வேதத்தில் சேருவது. அதன் சரித்திரத்தை இந்த ஒரு வருடத்தில்தான் படித்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த போதகர்கள் முதலில் போட்டது ஓலைக் கொட்டகை. பிறகு சபை வளர்ந்து அதே இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் எழும்பியது. கோபுரம் பாதி ஏறியபோது யுத்தம் வந்துவிட்டது. ஆங்கில சர்க்கார் ஜெர்மானியர்களை வெளியேற்றியது, வேலை நின்றது. பல வருடம் கழித்து சுவீடனிலிருந்து வந்தவர்கள் முடித்து வைத்தார்கள். அதனால்தான் அந்தக் கோபுரம் பாதி உயரம்வரை கருங்கல், அதற்கு மேலே செங்கல். உள்ளே நீண்ட கூடம். இருபுறமும் உச்சி கூம்பிய வளைவுகள், தலைக்கு மேல் தேக்கு உத்தரங்கள். வாசல் மேற்கே, பலிபீடம் கிழக்கே. நம் கோவிலில் சுவாமி கிழக்கே பார்ப்பார், நாம் எதிரே நிற்போம். அங்கே ஜனங்கள் கிழக்கே பார்த்து உட்காருகிறார்கள். இதை அம்மாவுக்கு விளக்கப் போய், எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்பதே எனக்கு மறந்துபோனது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்பா வருடத்தில் ஒருநாள் சென்னைக்குப் போவார். “பட்டணத்துல ஒரு சோலி” என்பார். அவ்வளவுதான். வேலைச் சமாசாரம் என்று அம்மா இருந்துவிட்டாள். எனக்குக் கல்யாணமான வருடத்தில் நான் வேறு மாதிரியும் சந்தேகப்பட்டேன். அப்பா என்னை மன்னிக்கட்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் படுத்தியது. கடைசி வாரத்திலும் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தை நர்சுக்குக் காட்டினார். நம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு ஒரு வாரம் முன்னால், காலையில் காபி கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று அந்தச் சபையின் போதகர், பேப்பரில் நாங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து, ரயிலேறி வந்து இறங்கினார். அவர்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்களாம். வெள்ளை அங்கியில் ஒருவர் வந்து நின்றதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. சித்தப்பா மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்க மாட்டார்.

“அய்யா, நேராவே கேக்கேன். எங்க அண்ணன் வேதத்துல சேந்துட்டாரா?”

“இல்லைங்க. வருஷத்துக்கு ஒருநாள் வருவார். நெத்தியில விபூதியோட கடைசி பெஞ்சில உட்காருவார். ஆராதனை முடிஞ்சதும் வடக்குப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிப்பார். நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.”

போதகர் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். சித்தப்பாவுக்குத் திருப்தியில்லை. எனக்கோ, சேர்ந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு தெளிவு வந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அந்தப் போதகரே போன் செய்தார். கோவிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். பழங்கட்டடங்கள் தெரிந்த நிபுணர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் வைத்தது நிற்கும், பின்னால் சேர்ந்தது போகும் என்பது அவருடைய கணக்கு. எது பழையது, எது புதியது என்று பிரிக்க அப்பாவின் வரைபடங்கள் வேண்டும் என்றார். போதகருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கவலை. பலிபீடத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற கல்தொட்டி இருக்கிறது. அதன் தண்ணீர் வடக்குச் சுவருக்குள் ஓடி, வெளியே ஒரு கருங்கல் வாய் வழியாகச் செடிகளில் விழுகிறது. ஞானஸ்நானம் முடிந்ததும் வீட்டார் சுற்றி வந்து அந்த வாயில் கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. வேறு எந்த லுத்தரன் கோவிலிலும் இப்படி இல்லை. ஜெர்மானியர்கள் வைத்தது என்று சபை மலரிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் நிபுணர் நம்பவில்லையாம்.

அப்பாவின் அலமாரியில் தகரக் குழலுக்குள் அந்த வரைபடங்கள் இருந்தன. இரண்டே தாள்கள். ‘இருந்தபடி’ என்று எழுதிய தாளில் வடக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. தொட்டியின் அடியில் ‘வாளி, முற்றத்துச் சாக்கடை’ என்று குறித்திருந்தார். ‘முடித்தபடி’ என்ற தாளில் அந்தக் கல்வாய் இருந்தது, நம் சன்னதிகளின் வடபுறத்தில் அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகியைப் போலவே. பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: ‘புதியது. யாரிடமும் கேட்கவில்லை.’

அபிஷேகக் குடம் சுமந்து வளர்ந்த கைக்கு, சுவாமிக் காரியத்துக்கு ஆன தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, வடக்கே விழ வேண்டும். பழக்கதோஷத்தில் செய்துவிட்டாரா? அப்படியென்றால் ‘கேட்கவில்லை’ என்று எழுதி வைப்பானேன்? அந்தத் தண்ணீரையும் அவர் தீர்த்தமாகத்தான் நினைத்தாரா? நினைத்தால் எந்தச் சாமியின் தீர்த்தம்? வருடாவருடம் அங்கே போய் நின்றது கும்பிடவா, ஒழுகுகிறதா என்று பார்க்கவா? எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. “ஒங்க அப்பா வச்சது அங்கனயே இருந்துட்டுப் போட்டும். படத்த அனுப்பாத, மக்கா” என்றாள். சித்தப்பாவுக்கும் குழப்பமில்லை. அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

“அடுத்தவுக கோயில்ல கேக்காம கை வச்சிருக்காரு. நம்ம கோயில்ல ஒருத்தன் வந்து அவன் இஷ்டத்துக்கு ஒரு கல்ல வச்சா நாம சும்மா இருப்பமா?”

நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனேன். தாள்கள் பைக்குள் இருந்தன. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் எல்லோரோடும் வடக்குப் பக்கம் போனேன். குழந்தையின் அப்பாவுக்கு முப்பது வயது இருக்கலாம். சொட்டிக்கொண்டிருந்த கல்லில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றினார். நான் பார்ப்பதைக் கண்டு, ஜெர்மன்காரர்கள் வைத்தது என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் அப்பா வைத்தது என்று தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் நாளைக்கே அந்தக் கல்லைப் பெயர்த்து எடுப்பார்கள். சொல்லாவிட்டால் அப்பாவின் கை அங்கே இருக்கும், அப்பா இருக்க மாட்டார். பெருமையும் கோபமும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? போதகர் கேட்டபோது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பையை இறுகப் பிடித்துக்கொண்டு ரயிலேறினேன். பொய் சொல்லாதவரின் மகள்.

அப்பாவின் கடைசி மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் தங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன எதிர்வீட்டாருக்கும், முகம் சுளிக்காத நர்சுகளுக்கும், துவைத்த வேட்டியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து உடுத்திவிட்ட சலவைக்கடை அண்ணாச்சிக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து அப்பாவுக்காக வந்த போதகருக்கும் சபையாருக்கும் தனியாக நன்றி. நான் சொன்ன பொய்க்கு உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

இரண்டு தாள்களையும் எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன், பென்சில் வரி தெரியும்படி. மூலத்தைப் பதிவுத் தபாலில் சபைக்கு அனுப்பிவிட்டேன், இந்த மலரும் அவர்களுக்குப் போகும். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சபையாரே, அந்தக் கல்லை ஜெர்மானியர்கள் வைக்கவில்லை. தண்ணீர்க்குடம் சுமந்த வீட்டுப் பிள்ளை ஒருவர், உங்களிடம் சொல்லாமல் வைத்தார். எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அன்றைக்கு அப்பா கேட்கவில்லை. அவருக்காக இப்போது நான் கேட்கிறேன்: அது அங்கேயே இருக்கட்டுமா?