வண்டியை நிற்க வைக்கிறவன்

வண்டியை ஓட வைக்கிற மெக்கானிக்குக் கிடைக்கும் மரியாதை, அதை நிற்க வைக்கிறவனுக்குக் கிடைப்பதில்லை. உத்திரமேரூரில் பிரேக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். லோடு வண்டி, வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தவனிடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை விரட்டி ஆசை தீர்த்துக்கொள்ளும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அதிலிருந்து நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன். அடுத்தவர் வண்டியில் கை வைத்துப் பிழைக்கும் சக மெக்கானிக்குகளான உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

புது பேட்

புது பிரேக் பேடை மாட்டி அப்படியே டிராக்குக்கு அனுப்ப முடியாது. காலி ரோட்டில் வேகமாகப் போய், அழுத்திப் பிரேக் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்துப் பிடிக்க வேண்டும். இப்படிப் பல தடவை செய்தால்தான் பேடும், அது கவ்விப் பிடிக்கும் சக்கரத் தட்டான டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். இதற்கு எனக்கு வாய்த்தது காவாந்தண்டலம் ரோடு.

ஒருநாள் காலை, அந்த வேலை முடிந்து, ஆறுவதற்காக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா லிஃப்ட் கேட்டுக் கை காட்டினார். சூட்டோடு பிரேக் பிடித்து நிறுத்தினால் பட்ட பாடு வீண். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "இம்மா நேரம் சும்மா சும்மா பிரேக்கு போட்டுக்கினு இருந்தான். ஆளு கை காட்டனா மட்டும் நிக்க மாட்டேன்றான் பாரு!"

புகை

திருப்புட்குழியிலிருந்து வரும் பேங்க் ஊழியர் ஒருவர், ஒருமுறை டிராக்குக்கு அப்பாவையும் அழைத்து வந்தார். அப்பா ரிடையர்டு வாத்தியார். சுற்றுகளை முடித்த மகன், ஆறவிட ஒரு மெதுவான சுற்றும் போகாமல் நேராக உள்ளே வந்துவிட்டார். முன் சக்கரத்தில் புகை. நான் ஜாக்கி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அப்பா குடிதண்ணீர் கேனைத் தூக்கிச் சக்கரத்தில் கவிழ்த்துவிட்டார்.

'டங்' என்று ஒரு சத்தம். டிஸ்க்கில் விரிசல் விழுந்துவிட்டது. அன்று கார் லாரியில்தான் ஊர் திரும்பியது. சூடான டிஸ்க் தானாகத்தான் ஆற வேண்டும் என்று நான் விளக்க, வாத்தியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "புகை வந்தா ஜலம் விடணும்னுதான் எனக்குத் தெரியும். சும்மா பார்த்துண்டு நிக்கறதுக்கும் ஒரு படிப்பு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுண்டேன்."

பெண் பார்க்கப் போன கார்

டில்லிபாபு பட்டுத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. டிராக் பேடு சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும், ரோட்டில் கத்தும், ஞாயிறு டிராக் முடிந்ததும் வா, பழையதை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. அதே பேடோடு கூரத்துக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறான்.

பிரேக்கை மிதித்ததும் எழுந்த கிறீச்சில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டதாம். பெண்ணின் மாமா முகத்தைச் சுளித்து, "வண்டியே இப்டி கத்துதே, ஆளு எப்டியோ" என்றாராம். இந்த இடம் போச்சு என்று டில்லிபாபு சோர்ந்துவிட்டான். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டிருக்கிறது. கல்யாணத்தன்று அந்தப் பெண்ணே எனக்கு அதைச் சொல்லிச் சிரித்தது: "கத்தனா இன்னா மாமா, கரெக்டா நம்ம வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சில்ல?"

பக்கத்து சீட்

காஞ்சிபுரத்தில் பல் டாக்டர் அம்மா ஒருவர். பிரேக் ஆயில் நாளாக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிராக் சூட்டில் அது கொதித்துக் குமிழி கிளம்பினால் பெடல் பஞ்சாகிவிடும். மாற்றிவிடலாம் என்றேன். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ணா" என்று போய்விட்டார். நீண்ட நேர்பாதை முடியும் வளைவில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. விடாமல் மிதித்து, கியரைக் குறைத்ததில் வண்டி ஓரத்து ஜல்லியில் இறங்கித் தடுப்புச்சுவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சாவியை நீட்டினார். "பல்லு வலிச்சாதான் வர்றாங்கன்னு பேஷன்ட்ட திட்டுவேன். இப்போ நானே அப்டி வந்து நிக்கறேன்" என்றார். மண்ணைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் ஆயில் ஊற்றி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் காற்றை எடுத்தேன். பெடல் கல்லாக நின்றது. அவர் பயம் மட்டும் போகவில்லை.

அடுத்த முறை டிராக்கில் எனக்கும் ஒரு ஹெல்மெட்டை நீட்டி, ஏறுங்கள் என்றார். மறுத்தால் என் வேலையை நானே சந்தேகப்பட்டதாகிவிடும். ஏறினேன். அதே வளைவு எதிரே வந்தது. அவர் மிதிக்கவில்லை. இன்னும் மிதிக்கவில்லை. என் கால், என் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடியது. சட்டென்று பெல்ட் நெஞ்சை இறுக்க, வண்டி வேகம் அடங்கி அழகாகத் திரும்பியது. சுற்று முடிந்து இறங்கியபோது டாக்டர் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. "இன்னாண்ணா இது, பிரேக்கு போட்டுக் குடுத்த நீங்களே கண்ண மூடிக்கினா, நான் யார நம்பி மிதிக்கறது?"

மொத்தத்தில், ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்காக நாளெல்லாம் பாடுபடுகிற தொழில் இது.