குழாயடிப் பள்ளம்

ஒடுகத்தூருக்குப் பக்கத்து ஊரில் குடிநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிற வேலை கலையரசிக்கு. அவள் வாங்குகிற திட்டைப் பார்த்தால் ஏதோ கலெக்டர் வேலை என்று நினைப்பீர்கள். போன வருஷத்திலிருந்து மேட்டுத்தெருக் குழாய்களில் வெறும் காற்றுதான் வந்தது. கலையரசியின் வீடோ பள்ளத்தெருவில். அது போதாதா?

"உன் தெருவுக்கு மட்டும் நல்லா தொறந்து வுட்றியா?" என்று மேட்டுத்தெரு சவுரியம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். கலையரசிக்குச் சுருக்கென்றது. மேட்டுத்தெருவில் தண்ணீரைக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று வரிந்துகட்டினாள்.

வால்வை முழுசாகத் திறந்தாள். மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டித் தொட்டியைத் ததும்ப வைத்தாள். பள்ளத்தெருவில் பீய்ச்சி அடித்தது. மேட்டில் சொட்டுகூட இல்லை. எங்கேயோ அடைப்பு என்றது ஊர்.

ஒரு காலையில் கலையரசி, கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபைச் சவுரியம்மாள் வீட்டுக் குழாயில் மாட்டி, கம்பில் கட்டி நிமிர்த்தினாள். பள்ளத்தெருவில் எல்லாக் குழாய்களையும் கொஞ்ச நேரம் மூடவைத்தாள். டியூபில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறி, சவுரியம்மாளின் தலைக்கு மேல் நின்றது.

"அடைப்பெல்லாம் இல்லக்கா," என்றாள் கலையரசி.

பிறகு கீழே பள்ளத்தெருவில் நின்ற கணவன் முத்துக்குமாரைப் போனில் கூப்பிட்டு, ஒவ்வொரு வீடாகத் திறக்கச் சொன்னாள். திறக்கத் திறக்க டியூபில் தண்ணீர் நெஞ்சுக்கு, இடுப்புக்கு என்று இறங்கி, காணாமலே போனது.

தொட்டியின் உயரம்தான் தண்ணீருக்கு உள்ள பலம் அத்தனையும். அது ஓட ஓடக் குழாயில் உரசியே செலவாகிறது. ஓட்டம் ஜாஸ்தியானால் செலவும் ஜாஸ்தி. பள்ளத்தெருக்காரர்களோ போன வருஷம் வீட்டுக்கு வீடு பள்ளம் தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். இத்தனை வாய்கள் கீழே இழுத்தால் மேட்டுக்கு என்ன மிஞ்சும்? அதிலும் ஆழமான பள்ளம் கலையரசி வீட்டில்தான், முத்துக்குமார் ஆசையாகத் தோண்டியது.

அன்று மாலையே அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

"இன்னா பண்ற நீ? நமக்குத் தண்ணி கம்மியாய்டும்," என்று முத்துக்குமார் எரிந்து விழுந்தான்.

"ஆவட்டும். இத வெச்சிக்கினு எந்த மூஞ்சியோட மத்தவங்கள மூடச் சொல்றது?"

குழாயை மேலே ஏற்றி, பள்ளத்தை மூடிவிட்டு, வீடு வீடாகப் போனாள். கதவைச் சாத்தினார்கள், கண்டபடி பேசினார்கள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போய் நின்றாள். கடைசியில் அவள் தொல்லை தாங்காமலே சிலர் மூடினார்கள்.

அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எல்லாப் பள்ளத்தையும் மூடிய பிறகு, சவுரியம்மாள் குழாயில் விரல் பருமனில் தண்ணீர் விழுந்தது. அவள் குடத்தைக் குழாயடியில் பிடித்தாள். நிறைந்ததும் தூக்கி, பக்கத்தில் நின்ற கலையரசியின் இடுப்பில் வைத்தாள்.

"உங்க வீட்ல இப்ப கம்மியா வருதாமே. எட்த்துக்கினு போ."