பிரேக் சாரின் வயிறும் புஜமும்

பிரேக் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுபவர் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, இவர் அந்தப் பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவார். நாய், தபால்பெட்டி, ஒருமுறை போக்குவரத்துக் காவலர் என்று அந்தக் காலால் உயிர் பிழைத்தவர்கள் நிறைய.

அப்படிப்பட்டவருக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது, அதற்குச் சிரோசிஸ் என்று பெயர் என்று மருத்துவர் சொன்னார். சொன்ன மறுநாளே, மனுஷன் ரகசியமாகக் குடித்திருக்கிறான் என்று தெரு முழுக்கத் தீர்ப்பாகிவிட்டது. இவரோ இருமல் மருந்தில்கூட வாசனை பார்த்துத்தான் வாய் வைப்பார். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து பார்த்த வேலை அது. அடுத்த தடவை மருத்துவரிடம் போனபோது, "டாக்டர், நான் குடிக்கலன்னு கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, வெளிய எதிர்வீட்டுக்காரர் உக்காந்திருக்கார்" என்று கேட்டே விட்டார்.

வைத்தியத்தை மருத்துவர் பார்த்தார். சாப்பாட்டை மச்சான் எடுத்துக்கொண்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மெத்தைக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் வராத நேரம் அதிகம் என்பதால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"அத்தான், கல்லீரலுக்கு ரெஸ்ட் குடுக்கணும்னா வாய்க்கு லீவு விடணும்" என்றார். முட்டை நின்றது. பால் நின்றது. பருப்பு நின்றது. இருட்டுவதற்குள் ஒரு கிண்ணம் கஞ்சி. அதோடு சமையலறைக் கதவு சாத்தப்படும். மறுநாள் காலைவரை பிரேக் சார் கடிகாரத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆச்சரியம் என்னவென்றால், எடை ஏறியது! வீட்டுத் தராசின் முள் வாராவாரம் முன்னே போனது. சட்டையின் கீழ்ப்பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. "பாத்தியாக்கா, உடம்பு எப்படித் தேறுது!" என்று மச்சான் அத்தானின் வயிற்றைத் தன் கடை மெத்தையைத் தட்டுவதுபோல் தட்டிக் காட்டினார். மோதிரம் கழன்று விழுவதையோ, கைக்கடிகாரம் முழங்கைவரை ஓடுவதையோ யாரும் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் பல் டாக்டர் அம்மா ஒருவர் பழகிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் வழக்கம்போல் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். பிரேக் சாரும் வழக்கம்போல் மிதித்தார். கார் மட்டும் வழக்கம்போல் நிற்கவில்லை. மெதுவாக, மரியாதையாக, ஒரு செடி விற்கும் கடைக்குள் நுழைந்து ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றது. யாருக்கும் அடியில்லை, தொட்டிகள்தான் போயின.

"சார், நீங்க மிதிக்கலயா?"

"மிதிச்சேம்மா. அதுதான் மதிக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் காலுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அடுத்த நாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மச்சானும் ஆலோசனை சொல்லக் கூடவே வந்தார்.

மருத்துவர் அவர்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். கழுத்தில் அளவு நாடாவோடு அந்தப் பெண் வந்ததும், "சட்டை தைக்கவா?" என்றார் பிரேக் சார்.

"இல்ல சார், உங்ககிட்ட எவ்வளவு சதை மிச்சமிருக்குன்னு பாக்க."

மேல்கையைச் சுற்றி அளந்தாள். இடுக்கிபோன்ற ஒரு கருவியால் கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "தம்பி, உங்க அக்காவும் இப்படித்தான் கிள்ளுவா" என்று அவர் மச்சானிடம் முனகினார். பிறகு பிடி பலம் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்தாள். பிரேக் சார் அதைக் கையால் மட்டும் அமுக்கவில்லை. கண், மூக்கு, தாடை எல்லாவற்றாலும் அமுக்கினார். முள் கடனே என்று கொஞ்சம் நகர்ந்து திரும்பிவிட்டது.

"கருவி பழசு போல. குடுங்க அத்தான்" என்று மச்சான் சட்டைக் கையை மடித்தார். அவர் அமுக்கியதில் முள் பாதிதூரம் போனது. மனைவி பையை மடியில் வைத்தபடி ஒற்றைக் கையால் வாங்கி ஒரு பிடி பிடித்தாள். முள் தம்பியைத் தாண்டிப் போய் நின்றது. மச்சான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"தினமும் துணி பிழியறேன்ல" என்றாள் அவள்.

அடுத்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். பிரேக் சார் எழப் பார்த்தார்; வயிறு முன்னே போனது, மீதி ஆள் பின்னாலேயே தங்கிவிட்டார்.

"சார், ஏறின எடை சதை இல்ல. வயித்துலயும் கால்லயும் சேந்த தண்ணி" என்றாள் ஆலோசகர். "அதக் கழிச்சுட்டுப் பாத்தா நீங்க ரொம்ப மெலிஞ்சு போயிருக்கீங்க. உங்க கல்லீரலால ராத்திரிக்குத் தேவையான சக்தியச் சேத்து வைக்க முடியாது. நீங்க சாயங்காலமே வாய மூடிட்டா, உடம்பு உங்க சதையக் கரைச்சுச் சாப்பிடும். தொடையத்தான் நல்லாச் சாப்பிட்டிருக்கு."

"என் தொடையவா? பிரேக் போடுற தொடையவா?"

"ஆமா சார். யாரு உங்கள இப்படிப் பட்டினி போட்டது?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிற்றில் ஊசி செருகித் தண்ணீரை இறக்கினார்கள். தராசில் ஏறி நின்ற பிரேக் சார், "உழைச்சுச் சேத்த எடை, எல்லாம் போச்சே" என்று அங்கலாய்த்தார். "உழைச்சா? படுத்துக்கிட்டுத்தானே சேத்தீங்க!" என்றாள் மனைவி.

உப்பு குறைந்தது. முட்டையும் தயிரும் பருப்பும் திரும்பி வந்தன. பகலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, படுக்கப் போகுமுன் கட்டாயம் ஒருமுறை சாப்பாடு. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காருக்குள் கால் வைக்கக் கூடாது. மச்சான் பட்டினி போட்ட அதே வேகத்தில் ஊட்டவும் ஆரம்பித்தார். வேளை தவறாமல் போனில், "அத்தான், சாப்பிட்டாச்சா?" எழுந்து உட்காரும் பயிற்சிக்குத் தன் கடைக்கே அழைத்துப் போய், இருப்பதிலேயே உசத்தியான மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். பிரேக் சார் அதற்குள் புதைந்துபோனார். மெத்தை வாங்க வந்த தம்பதியும் சேர்ந்துதான் அவரை வெளியே எடுத்தார்கள். "நல்ல மெத்தை" என்று அவர்கள் அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து மர ஸ்டூல்.

மாதங்கள் போயின. நாடா புஜத்தில் கொஞ்சம் இறுகியது, முள் கொஞ்சம் தாராளமாக நகர்ந்தது. "கல்லீரல் புதுசாகிடாது சார், ஆனா சதை திரும்ப வருது" என்றாள் ஆலோசகர். மருத்துவரும் தலையாட்டினார். பிரேக் சார் மறுபடி காரில் ஏறினார்.

இப்போது அவருடைய மாணவர்கள் சிவப்பு விளக்கில் நிறுத்தினால், அவர் டப்பாவைத் திறந்து அவித்த முட்டை ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். ஓட்டுபவர்களும் பழகிவிட்டார்கள். உரிமத் தேர்வுக்குப் போன தையல்காரர் ஒருவர், சிக்னலில் அழகாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் பழக்கதோஷத்தில், "முட்டை சாப்பிடுங்க சார், பச்சை விழுறதுக்குள்ள" என்றாராம்.

"என்னய்யா, லஞ்சமா?"

"இல்ல சார், புரதம்."

பிரேக் சாரின் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத் தையல்காரர் தேறிவிட்டார். அதிகாரி மட்டும் அதன்பிறகு பிரேக் சாரை எங்கே பார்த்தாலும், தன் புஜத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.