தூணுக்கு அந்தப் பக்கம்

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியும் அத்தை பந்தைப் பார்க்கவில்லை. வரிசையின் வலது ஓர நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, இடப்பக்கம் நீண்டு கிடந்த அந்த வரிசையில் ஆண்களின் காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாற்காலியில் இருந்த நான் மறைக்காமல் பின்னால் சாய்ந்துகொண்டேன். நடுவில் ஒரு பெரியவர், தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார். அத்தையின் கண் அவரைத் தாண்டிக் கீழ் வரிசைக்குப் போய்விட்டது.

“ஏன் அத்த காது?”

“மூஞ்சி மாறும், முடி போயிடும். காது மாறாதுடி. வயசானா கொஞ்சம் தொங்கும், அவ்ளோதான்.”

அத்தை என் அப்பாவின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை. லென்ஸைத் தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளை மாவு போன்ற தூள் அவள் நகக்கண்களில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் போகும். முன்னறையில் ஆள் இல்லாதபோது கண் அளவெடுப்பதும் அவள்தான். வந்தவரின் மூக்கின் மேல் சின்ன அளவுகோலை வைத்து, “நேரா பாருங்க, என் மூக்கையே பாருங்க” என்று இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பாள். அந்த எண்தான் அவளுக்கு ஆளின் அடையாளம். “அறுபத்தி மூணு கண்ணாடிக் கூட்டை மறந்துட்டுப் போய்ட்டாரு” என்பாள். வீட்டில் மாமாவுக்குக் கோபம் வந்தால், “அம்பத்தெட்டுக்கு இவ்ளோ கோவம் ஆகாது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பல வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் பையை இறக்கிய அன்று, என்னை வெளிச்சத்தில் நிறுத்தி முதலில் அதைத்தான் செய்தாள். “கன்னம் எல்லாம் வத்திப்போச்சு. கண்ணு மட்டும் அதே அறுபத்தி ஒண்ணு. சரி, சாப்பிட வா.”

நாள் முழுக்க இப்படி முகங்களை நேருக்கு நேர் பார்க்கிற அத்தை, தான் தேடுகிற ஒரே ஆளின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

இதற்கு முன் ஆட்டம் நடந்த பழைய மைதானத்தில் நாற்காலிகள் குறைவு. கோல் போஸ்டுக்குப் பின்னால் இருந்த வடக்கு கேலரியில் வெறும் சிமென்ட் படிகள்தான். எல்லாரும் நின்றுதான் பார்க்க வேண்டும். சாய்ந்துகொள்ள இரும்புக் குழாய்கள் உண்டு. வருடா வருடம் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அவை மணிக்கட்டு அளவுக்குத் தடித்துப் போயிருந்தன. தகரக் கூரையைத் தாங்க இரும்புத் தூண்கள். தூணுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள், பாதி மைதானம் மறைந்துவிடும். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஓடிவரும் அத்தைக்கு அந்த இடம்தான் மிச்சம் இருக்கும்.

அவளைப் போலவே தாமதமாக வருகிற ஒருவர் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். காதோரத்திலும் முடியிலும் எப்போதும் பெயின்ட் பொட்டு இருக்கும் என்பதால் கேலரியில் அவருக்குப் பெயின்டர் என்று பெயர். அத்தைக்கு அங்கே லென்சம்மா என்று பெயர். தூண் அத்தைக்கு இடது மூலையை மறைத்தது, அவருக்கு வலது மூலையை. முதல் நாளே, பந்து இடது மூலைக்குப் போய் ஊரே கத்தியபோது, “என்ன ஆச்சு?” என்று அத்தை காற்றைப் பார்த்துக் கேட்டாளாம். “கார்னர் குடுத்துட்டான்” என்று தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சிறிது நேரம் கழித்து பந்து வலது மூலைக்குப் போனது. இந்த முறை அவர் கேட்டார். அத்தை சொன்னாள்.

அப்படியே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

“என்ன பேசுவீங்க?” என்று கேட்டேன்.

“வேற என்ன, ஆட்டந்தான். ‘வெளிய போச்சு.’ ‘ஆஃப்சைடு இல்ல, ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு.’ ‘நம்ம கடைக்கு அனுப்புங்க, செஞ்சு தரேன்.’ இப்படித்தான்.”

“வீடு எங்கன்னு கூட கேக்கலையா?”

“பந்து ஓடிட்டிருக்கும்போது எவடி வீட்டு விலாசம் கேப்பா?”

சொன்னதற்கு மேல் கொஞ்சம் இருந்திருக்கிறது, அவளுக்கே அது மெதுவாகத்தான் புரிந்தது. வடக்கு கேலரிக்குப் பெண்கள் கழிவறை ஒன்று இருந்தது, பூட்டியபடி. சாவி கேட்டால், “உள்ள கோடு போடுற சுண்ணாம்பு மூட்டை இருக்கும்மா, எங்க போய் நிப்பீங்க” என்பாராம் வாயிற்காவலர். அத்தை பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறாள். ஒரு நாள் சலித்துப்போய் அதைத் தூணிடம் சொல்லிப் புலம்பினாள். அடுத்த ஆட்டத்தன்று கழிவறை திறந்து கிடந்தது, உள்ளே மூட்டை இல்லை. “அன்னிக்கு அவரு போட்டிருந்த கோட்டு பூரா வெள்ளையா இருந்துச்சு. பெயின்டுதான்னு நெனச்சேன் நான். வீட்டுக்கு வந்து துணி தொவைக்கும்போதுதான் உறைச்சுது. பெயின்டு அப்படி உதிருமா?” அதற்கு நன்றி சொன்னாளா என்று கேட்டதற்கு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்த வாரம் வலது மூலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னேன் என்றாள்.

பாட்டி இறந்தபோது அத்தை இரண்டு ஆட்டங்களுக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று அவர் எதுவும் விசாரிக்கவில்லை. இடைவேளை முழுவதும், விட்டுப்போன இரண்டு ஆட்டங்களையும் முதல் விசிலிலிருந்து வரிசையாகச் சொல்லி முடித்தார். கடைசியில் மட்டும், “இப்ப சரியாப் போச்சா?” என்றார். அவர் கேட்டது ஆட்டத்தைப் பற்றியா என்று அத்தைக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊரே இன்னும் பேசுகிற ஒரு கோல் உண்டு. இடது மூலையிலிருந்து அடித்த கார்னர், யார் காலிலும் தலையிலும் படாமல் வளைந்து நேரே வலைக்குள் போனது. அத்தை அதை அடித்தவனையே பார்க்கவில்லை. “எடுத்துட்டான். வளையுது. இன்னும் வளையுது. ஐயோ, அவனுக்கே தெரியல, இன்னும் வளையுது” என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டதுதான். அந்தக் கோலின் பழைய வீடியோவை நான் கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தாள். முடிந்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

“இது வேற கோலுடி.”

“அதேதான் அத்த, தேதி போட்டிருக்கு பாருங்க.”

“தேதி அதேதான். கோலு வேற.”

மைதானத்தை இடிக்கப் போகிறார்கள், ஊருக்கு வெளியே புதிது கட்டுகிறார்கள் என்று அறிவித்த வருடம் யாரும் அதிகம் வருந்தவில்லை. மழை ஒழுகாத கூரை, சுத்தமான கழிவறை, எல்லாருக்கும் நாற்காலி. கடைசி ஆட்டத்தன்று விசில் ஊதியதும் கூட்டம் வேலியைத் தாண்டி இறங்கியது. ஆளாளுக்குப் புல்லைப் பிடுங்கினார்கள், வலையை அறுத்தார்கள். அத்தையும் இறங்கி இரண்டு கைநிறையப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு படியேறினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. தூணடியில் அவர் இல்லை. கீழே இறங்கியிருப்பார், வருவார் என்று, மண் உதிரும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு விளக்குகள் அணைகிற வரை அங்கேயே நின்றாள். அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. புது மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தாள்.

புது மைதானத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்தது. முதல் ஆட்டத்தன்று அத்தைக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பெண்கள், மறு பக்கம் கைப்பேசியில் வேறொரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன். எந்தப் பக்கமும் தூண் இல்லை. “எல்லா மூலையும் தெரியுது. யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல” என்று அவள் என்னிடம் சொன்னபோது, புகழ்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு பகுதியில் சீட்டு வாங்குகிறாள், எப்போதும் வரிசையின் வலது ஓரம்தான் வேண்டும் என்று கேட்டு. அவர் அவளுக்கு இடப்பக்கம் நின்றவர். அதனால் அவரது வலது காது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மேல் விளிம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும், வெந்நீரில் போட்ட இலை மாதிரி. எதிர் கேலரியைத் தொலைநோக்கியால் பார்க்கலாமே என்று யோசனை சொன்னேன். “அங்கேர்ந்து எல்லாரும் நேராத்தானே பாப்பாங்க. அவரே என்னைப் பாத்துக் கையாட்டினாலும், யாரோ எவரோன்னு தாண்டிப் போயிடுவேன்” என்றாள்.

மாமா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஆட்ட நாட்களில் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடுவதும், திரும்பும்போது குடையோடு காத்திருப்பதும் அவர்தான். கிண்டலை மட்டும் விடுவதில்லை. “பேரு தெரியாது, வீடு தெரியாது, மூஞ்சில பாதி தெரியும். போலீஸ்ல போய்ச் சொன்னா எழுதுறவன் பேனாவ மூடி வெச்சுட்டு அழுவான்.” அத்தை பதில் சொல்லாவிட்டால் இன்னும் ஒரு படி மேலே போவார். “நான் கட்டினது உன்னை. நீ கட்டிக்கிட்டது அந்தத் தூணை.”

“தூண் இவ்ளோ பேசாது” என்பாள் அத்தை.

ஒரு மாலை, பாத்திரம் துடைத்துக்கொண்டே மாமா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “கெடைச்சா நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கெடைச்சா இவ என்ன பேசுவா? நடுவுல ஆட்டம் இல்லாம.”

பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை. மூன்று மாடி, உள்ளே நகரும் படிக்கட்டு. அத்தை ஒரே ஒரு முறை போயிருக்கிறாள். வாசலில் இருந்து கணக்குப் போட்டு நடந்து, வடக்கு கேலரி இங்கேதான் என்று நின்ற இடம் மெத்தைப் பகுதி. சுற்றிலும் பாலித்தீன் உறை போட்ட மெத்தைகள். கண்ணை மூடி நின்றவளிடம் விற்பனைப் பையன் வந்து, “சிங்கிளா டபுளா மேடம்?” என்று கேட்டான். “பாத்துட்டுச் சொல்றேன்பா” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதைச் சொல்லும்போது மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தாள், பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

“அவரைப் பாத்து என்ன அத்த செய்யப் போறீங்க?” என்று நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் செய்யப் போறதில்ல. இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சா போதும். இருந்தா நான் பாட்டுக்கு எங்கயோ ஒக்காந்து பாத்துக்குவேன்.” பிறகு என்னைத் திருப்பிக் கேட்டாள். “நீ எத்தனை ரயிலு, எத்தனை பஸ்ஸு. பக்கத்துல ஒக்காந்தவங்க மூஞ்சி ஏதாவது ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

ஒரு பெண் உரித்துக் கொடுத்த ஆரஞ்சு ஞாபகம் வந்தது, அவள் விரல்கள் ஞாபகம் வந்தன. முகம் வரவில்லை. அத்தை என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கும் அவளோடு போனேன். பழைய கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் சிலர் இறந்துபோகிறார்கள். அவர்களுடைய குடும்பங்கள் அனுப்பும் புகைப்படங்களை, கடைசி ஆட்டம் தொடங்குவதற்கு முன் பெரிய திரையில் காட்டுவது வழக்கம். எல்லாரும் எழுந்து பேசாமல் நிற்பார்கள். நாங்கள் மைதானத்தின் நீளவாட்டுக் கேலரியில், வழக்கம்போல வரிசையின் வலது ஓரத்தில் இருந்தோம். திரை எங்களுக்கு இடது கோடியில், கோல் போஸ்டுக்கு மேலே.

முகங்கள் வந்து போயின. பொக்கை வாய்ச் சிரிப்புகள், கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த தலைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயரும், அவர் நின்ற இடமும். அத்தை இடப்பக்கம் முழுதாகத் திரும்பி நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எல்லாம் நேராக எடுத்த படங்கள்.

பிறகு ஒருவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கம்பளிக் குல்லா, நேராகக் கேமராவைப் பார்த்து லேசான சிரிப்பு. பின்னால் பாதி வெள்ளையடித்த ஒரு சுவர். கீழே பெயருக்கு அடுத்து, வடக்கு கேலரி என்று இருந்தது. வடக்கு கேலரியில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றிருக்கிறார்கள். சுவர் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. அத்தையின் விரல்கள் என் முழங்கையைப் பிடித்தன.

“குல்லா காத மூடியிருக்குடி” என்றாள், மூச்சுக்காற்றில்.

அவள் என் கையை விட்டாள். மெதுவாகத் திரும்பி மைதானத்தை நேராகப் பார்த்து நின்றாள், திரையில் இருந்த முகம், தூணுக்கு அந்தப் பக்கம் தெரிவது போல, அவளது இடது கடைக்கண்ணுக்குப் போகும்படி. கீழே புல்வெளி காலியாக இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு, நாற்காலி வரிசையைவிட்டு நடைபாதைப் படிக்குள் வலப்பக்கமாக ஓரடி நகர்ந்தாள். எனக்கும் தனக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு.