பச்சை யானை நின்ற இடம்

2022 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு ஐம்பது. பாண்டிச்செல்வியை நான் முதன்முதலாகச் சந்தித்தது அப்போதுதான். மதுரையின் வடக்கு விளிம்பில், அலங்காநல்லூர்ச் சாலையை ஒட்டிய புளியங்கண்மாயின் கரையில், படித்துறைக்கு மேலே ஓடும் இருநூறு அடித் தடுப்புச்சுவரை நானும் என் மகள் பிருந்தாவும் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தோம். கரையில் காலையில் நடப்பவர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு நான் செயலாளர். கண்மாய்க்கரையை அழகுபடுத்தும் பணியில் அந்தச் சுவர் எங்கள் பொறுப்புக்கு வந்திருந்தது. பிருந்தா ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. புதுப் படங்களை அவளும் அவள் தோழிகளும் வரைவதாக ஏற்பாடு.

சுவரில் முன்பே மூன்று படங்கள் இருந்தன. வடக்கே, நுழைவாயிலுக்கு அருகில், ஒரு மஞ்சள் வாத்து. நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு காளை. தெற்குக் கோடியில் பச்சை யானை. சேலைமேல் ஆண்கள் சட்டை அணிந்து, கையில் தூரிகை டப்பாவோடு வேலைக்குப் புறப்பட்ட ஒரு பெண் எங்களைக் கண்டு நின்றார்.

“என்ன சார், அளக்குறீக? சுவர இடிக்கப் போறீகளா?”

“இடிக்கலம்மா. படம் புதுசா வரையப் போறோம்.”

“இத வரைஞ்சது நாந்தான்.”

பிருந்தா சிரித்துவிட்டாள். “யானை ஏன்க்கா பச்சையா இருக்கு?”

“வேலை பாத்த வீட்டுல பச்சதான் மிச்சம் கெடந்துச்சு பாப்பா. யானைக்கு எம்புட்டுப் பெயிண்ட்டு வேணும், யோசிச்சுப் பாரு! அம்புட்டுக் கருப்புக்கு நான் எங்கிட்டுப் போக?” அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிய முகத்தோடு என்னிடம் திரும்பினார். “மத்தத என்னவும் செய்ங்க சார். யானை மட்டும் நிக்கிற எடத்துல நிக்கட்டும்.”

நான் குறிப்பேட்டில் ‘யானை: தக்கவைக்க வேண்டும்’ என்று எழுதினேன். காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, அவர் தெருவில் அதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்லவேண்டியிருந்ததே இல்லை.

அந்தக் காரணத்தை நான் பிற்பாடு அறிந்தேன். வாசகர் அதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

பாண்டிச்செல்வியின் பெற்றோர் பிறர் வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். அவர் பதினேழு வயதில் சித்தாளாகக் கட்டட வேலைக்குப் போனார். பத்து ஆண்டுகள் கலவை சுமந்தபின் பெயிண்ட் வேலைக்கு மாறினார். பெண் சாரத்தில் ஏறக்கூடாது என்று தடுத்த மேஸ்திரியிடம், “சாரத்த ஆம்பளைக்குன்னு தனியாவா கட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டு மேலே ஏறியவர் என்று அவர் தெருவில் இன்றும் சொல்வார்கள். நான் சந்தித்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், சாலைக்கு மண் அள்ள வந்த இயந்திரம் கண்மாயின் தெற்குக் கோடியில் பெரும்பள்ளம் ஒன்றைத் தோண்டியது. படித்துறையின் கீழ்ப்படிகள் மூன்று அதோடு பெயர்ந்துபோயின. கோடையில் பள்ளத்தைச் சீமைக்கருவேல் மறைத்தது. மழைக்காலத்தில் தண்ணீர் மறைத்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முத்துமீனா, திருமணமான பத்தாம் நாள் அங்கே துணி துவைக்க இறங்கினாள். அடுத்த படி இருக்கும் என்று கால்வைத்த இடத்தில் படி இல்லை. பின்னர் நட்ட எச்சரிக்கைப் பலகை இரும்பு என்பதால் மூன்று மாதத்தில் காணாமல் போயிற்று.

மறு கோடையில் பாண்டிச்செல்வி வறண்ட கண்மாய்க்குள் மூங்கில் கம்போடு இறங்கி, படித்துறை நெடுக ஆழம் அளந்தார். எழுத்து எல்லோருக்கும் வராது. பலகையைத் திருடலாம், சுவரைத் திருட முடியாது. ஆகவே வரைந்தார். வாத்துக்கு நேரே பெண்களும் பிள்ளைகளும் இறங்கலாம். காளைக்கு நேரே நீச்சல் தெரிந்தவர் குளிக்கலாம். யானைக்கு நேரே ஒருவரும் இறங்கக்கூடாது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியிடம்கூட, “வாத்துப் பக்கமாப் போய்க் கால் கழுவுங்க” என்றுதான் சொல்வார்கள். ஐந்து ஆண்டுகளாக அந்தக் கண்மாயில் ஓர் உயிரும் போகவில்லை.

இதில் எதுவும் தெரியாமல் நான் வேலையைத் தொடங்கினேன். பிருந்தாவின் வரைபடம் உண்மையிலேயே அழகு. யானையை நான் தக்கவைத்தேன். நுழைவாயிலுக்கு அருகில் வந்தால் கம்பீரமாக இருக்கும் என்று அவள் சொன்னதை ஏற்று வடக்கே மாற்றினோம். தெற்குக் கோடியில் தாமரைகளுக்கு நடுவே வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. அந்த அம்மாளின் வேண்டுகோளுக்கு மதிப்பளித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

அப்போது பாண்டிச்செல்வி ஊரில் இல்லை. திருமங்கலத்தில் புதிய மண்டபம் ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய், மூன்று வாரம் அங்கேயே தங்கிவிட்டார். தெருவினர் எங்கள் படங்களைப் பார்த்தார்கள், தடுக்கவில்லை. யானை இடம் மாறிவிட்டது, ஆகவே அதிகாரிகள் பள்ளத்தை மூடிவிட்டார்கள், வடக்கே ஏதோ தோண்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். அந்தச் சுவர் அவர்களிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

செப்டம்பர் 22ஆம் தேதி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் மடை திறந்தது. கண்மாய்க்கு நீர் பாய்ச்சும் மருது கணக்குப் போட்டுச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம காலையில மேலருந்து நாலாம் படி நனைஞ்சிரும் சார். உங்க விழாவுக்குச் சரியா இருக்கும்.”

செப்டம்பர் 25, காலை எட்டரை. பந்தல், நாற்பது நாற்காலிகள், ஒலிபெருக்கி. திறப்பின் அடையாளமாகப் பிருந்தாவும் இரண்டு தோழிகளும் வாத்துப் படத்துக்கு நேரே தண்ணீரில் இறங்கி மலர் தூவுவதாக நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தேன். அவர்களுக்குப் பின்னால், முதல் தண்ணீரில் துணி அலச, தெருப்பெண்கள் வாளிகளோடு காத்திருந்தார்கள்.

பிருந்தா ஆறாம் படியில் நின்றாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. படம் எடுத்தவர், “இன்னும் ஒரே ஒரு படி கீழ இறங்குங்க, பூ நல்லா மிதக்கும்” என்றார். அவள் ஏழாம் படிக்கு இறங்கினாள். தட்டைச் சாய்த்துக்கொண்டே அடுத்த காலைத் தூக்கினாள்.

“ஏய், எறங்காத! பாப்பா, எறங்காத!”

பேருந்திலிருந்து இறங்கிய கோலத்தில், தோளில் துணிப்பையோடு பாண்டிச்செல்வி கரைமேல் ஓடி வந்தார். பையை எறிந்தார். படிகளில் தாவி இறங்கி, பிருந்தாவின் சடையைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தார். அவள் புரண்டு விழுந்தாள். தாடை படியின் விளிம்பில் மோதி இரத்தம் கொட்டியது.

“கைய எடு! என்ன திமிர் உனக்கு?” என்று நான் கத்தினேன்.

“பள்ளம் சார்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “இது வாத்து எடம் இல்ல. யானை எடம்.”

எனக்கு அது உளறலாகப் பட்டது. ஒலிவாங்கி என் கையில் இருந்தது. “தம் கிறுக்கலை அழித்துவிட்டோம் என்ற பொறாமையில்தான் இந்த அம்மாள் இப்படி நடந்துகொள்கிறார்” என்று அதில் சொன்னேன். புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அதைக் கரை முழுவதும் கொண்டுசேர்த்தது. தோழிகள் பிருந்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து பதினைந்து வரியில் புகார் எழுதி, விழாவுக்குக் காவலுக்கு வந்திருந்த பெண் காவலரிடம் கொடுத்தேன். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

பாண்டிச்செல்வி படியை விட்டு நகரவில்லை. காவலர் வந்து அவர் கையைப் பிடித்தார்.

“வாரேன் தாயி, வராம எங்க போறேன்? ஒரு நிமிசம் பொறு.” வாளியோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். “ஏ அன்னக்கொடி, இந்தப் படியில வந்து உக்காரு. கலெக்டரே வந்து சொன்னாலும் எந்திரிக்காத.”

“நான் எதுக்கு எந்திரிக்கேன்? இந்த மூட்டுவலியில உக்காந்தா எந்திரிக்கவா முடியும்?” என்றபடி அன்னக்கொடி ஆறாம் படியில், தண்ணீருக்குள்ளேயே, உட்கார்ந்தார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் பாண்டிச்செல்வி வாகனத்தில் ஏறினார்.

விழாவைத் தொடரவேண்டும் என்று நான் கீழே இறங்கிப்போய் அன்னக்கொடியை எழுந்திருக்கச் சொன்னேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

“சார், ஒன்னே ஒன்னு சொல்லுங்க. பள்ளத்த மூடிட்டீகளா, இல்லையா?”

“எந்தப் பள்ளம்?”

“யாத்தீ!” அவர் குரல் உடைந்தது. பின்னால் நின்ற பெண்களை நோக்கிக் கையை வீசினார். “மேல போங்கடி! எவளும் காலு வைக்காதீக! மூடலையாம்!”

மருது பந்தலிலிருந்து பன்னிரண்டடி மூங்கில் ஒன்றை உருவி வந்தார். ஏழாம் படியில் நின்று அதற்கப்பால் இறக்கினார். கம்பு போய்க்கொண்டே இருந்தது. அவர் குனிந்தார், முழங்கை நனைந்தது, தோள் நனைந்தது. கம்பின் நுனி தரையைத் தொடவில்லை. நாற்பது நாற்காலிகளிலிருந்தும் எழுந்து வந்து பார்த்தார்கள். பிருந்தா தூக்கிய காலுக்கும் அந்தக் கம்பு இறங்கிய இடத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை என்பதை நான் மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணிக்குக் காவல் நிலையத்தில், ‘தவறான புரிதலால் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே வந்த பாண்டிச்செல்வி கேட்ட முதல் கேள்வி வேறு.

“பாப்பாவுக்குத் தையல் போட்டாகளா?”

“மூணு தையல்.”

“கொஞ்சம் ஓங்கித்தான் இழுத்துட்டேன்.” இரண்டடி நடந்து நின்றார். “சீக்கிரம் வண்டிய எடுங்க சார். ஞாயித்துக்கெழம ஒரு மணிக்குப் பெயிண்ட்டுக் கடையில ஷட்டர இறக்கிருவாக. சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் புள்ளைக தண்ணி பாக்க வருங்க.”

ஒன்றேகாலுக்குச் சுவரில் வேலை தொடங்கியது. வாத்துக் கூட்டத்தின்மேல் வெள்ளை ஏறியது. அதுவரை அன்னக்கொடி படியை விட்டு எழவில்லை. அவருக்குச் சோறு அங்கேயே வந்தது. தாடையில் கட்டோடு வந்த பிருந்தா, வடக்கே இருக்கும் யானை அழகாக இருக்கிறது, ஒருவருக்கும் கேடில்லையே, அது இருக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டாள்.

“வேணாம் பாப்பா. அது அங்குன சும்மா நின்னா, இங்குன நிக்கிறதயும் சும்மான்னு நெனைச்சுருவாக.” தூரிகையை அவளிடமே நீட்டினார். “நீயே வரை. என்னையவிட ஒனக்குத்தான் யானைக்குக் காலு நல்லா வருது. எடத்த மட்டும் நான் சொல்றேன்.”

மாலை ஐந்து மணிக்கு, பள்ளிப்பிள்ளைகளின் முதல் கூட்டம் கரையேறி வந்தபோது, வடக்கே வாத்து திரும்பியிருந்தது; தெற்குக் கோடியில் ஈரம் காயாமல் யானை நின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் சொல்லாமலே வடக்கு நோக்கித் திரும்பி ஓடினார்கள்.

பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. மூன்று மனுக்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் பாண்டிச்செல்வி ஆழம் அளக்கிறார். கம்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். ஒருமுறை, விழா அன்று நான் சொன்னதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “கம்ப நேராப் புடிங்க சார், அளவு தப்பிரும்” என்றார். பிருந்தாவின் தாடைத் தழும்பைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்பவரிடம், அவள் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டுச் சங்கக் குறிப்பில், ‘பாதுகாப்புக் கருதி ஓவியங்கள் இடம் மாற்றப்பட்டன’ என்று எழுதினேன். வாக்கியத்தில் எழுவாய் இல்லை. நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். புகாரைத் திரும்பப் பெற்றதைக் காவல் நிலையத்தில் இரண்டு பேர் அறிவார்கள். பொறாமை என்று நான் சொன்னதை, கரை முழுவதும் நின்றவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அதை நான் திரும்பப் பெற்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாண்டிச்செல்வி இப்போது சங்க உறுப்பினர். ஆண்டுக்கூட்டங்களில் இரண்டாம் வரிசையில் உட்காருகிறார். இதுவரை இரண்டு முறை கையை உயர்த்தியிருக்கிறார். அதைத்தான் கேட்கப்போகிறார் என்று இரண்டு முறையும் நான் எழுந்து நின்றேன். முதல் முறை, படித்துறைக்கு விளக்கு வேண்டும் என்றார். இரண்டாம் முறை, பள்ளத்தில் கொட்டச் சரளை மண் வேண்டும் என்றார். நான் திரும்பப் பெறவேண்டியதை அவர் கேட்கவே இல்லை.